கோரைச் சாறும் கறுப்புச் சேறும்

கைநூல் வழி – 9

பென்சிலை என் கையிலிருந்து மெல்ல உருவி, தூணுக்கும் ஓலைக் கூரைக்கும் இடையே செருகிவிட்டார் பாட்டி. பிறகு ஷிபிபோ மொழியில் ஏதோ சொன்னார். புக்கல்பா நகரத்தில் படிக்கும் பேத்தி அதை எனக்காக ஸ்பானிய மொழிக்கு மாற்றினாள். "முதலில் ஒரு கோடு போட்டு, அதன்மேல் இன்னொரு கோடு போட்டால், அதில் உன் கோடு எது என்று கேட்கிறார்."

எனக்குப் பதில் தெரியவில்லை. முழங்காலின் மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சிரட்டையில் மரப்பட்டைச் சாறு. அதைத் தொட்டு எழுத, விரல் நீளத்துக்குச் சீவிய ஒரு மூங்கில் சிம்பு. அவ்வளவுதான் கருவிகள். அளவுகோல் கிடையாது, புள்ளி கிடையாது, பார்த்து எழுத மாதிரித் துணியும் கிடையாது. "துணியைப் பார்" என்றார் பாட்டி. அன்றைய பாடம் அதுதான். ஒரு மணி நேரம் வெறும் துணியைப் பார்த்தேன்.

போன வாரம் ஆண்டிஸ் மலையின் மேல் சின்செரோ ஊரில், கள்ளிப்பூச்சியை நசுக்கிச் சிவப்புச் சாயம் எடுக்கும் பெண்களோடு நிறுத்தியிருந்தோம். அங்கே குளிர், கம்பளி, தறி. அதே பெரு நாட்டில் மலையின் கிழக்குச் சரிவில் இறங்கினால் எல்லாமே மாறிவிடுகிறது. தலைநகர் லிமாவிலிருந்து புக்கல்பாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பேருந்தில் போனால் பனிமலையேறி மேகக் காடு வழியே இறங்கி வர ஏறக்குறைய ஒரு முழு நாள். புக்கல்பா என்றால் கெச்சுவா மொழியில் செம்மண். உக்கயாலி ஆறு அந்தச் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வடக்கே போய், மாரன்யோன் ஆற்றோடு கூடி, அமேசான் என்ற பெயரை எடுக்கிறது.

உக்கயாலி ஓரிடத்தில் நிற்காத ஆறு. வளைந்து வளைந்து ஓடும். ஏதோ ஒரு வெள்ளத்தில் வளைவை அறுத்துக்கொண்டு நேராகப் போய்விடும். விட்டுப்போன வளைவு லாட வடிவ ஏரியாகத் தேங்கி நிற்கும். புக்கல்பாவை ஒட்டியிருக்கும் யரினாகோச்சா அப்படிப் பிறந்த ஏரி. யரினா என்பது ஒரு பனை வகை, கோச்சா என்றால் ஏரி. கரையில் உள்ள புவெர்த்தோ காயாவோ படகுத்துறையில் 'பெக்கே பெக்கே' என்று சத்தமிடும் மோட்டார்ப் படகில் ஏறினேன். அந்தச் சத்தமே படகுக்குப் பெயராகிவிட்டது. சில நேரம் இளஞ்சிவப்பு ஓங்கில்கள் முதுகு காட்டும் என்று படகோட்டி சொன்னார். எனக்கு அன்று ஏரி எதையும் காட்டவில்லை. கரையோரச் சிற்றூர் ஒன்றில் இறக்கிவிட்டார்.

உக்கயாலிக் கரைகளில் பரவி வாழும் ஷிபிபோ-கொனிபோ மக்கள் பெருவின் அமேசான் பகுதியில் உள்ள பெரிய பழங்குடிகளில் ஒன்று. மீன்பிடிப்பவர்கள், வாழையும் மரவள்ளியும் பயிரிடுபவர்கள். இந்த மக்களின் துணி, மட்பாண்டம், துடுப்பு, உடல் என்று எல்லாவற்றின் மேலும் ஓடும் கோட்டுக் கோலத்துக்குக் 'கெனே' என்று பெயர். அதை எழுதுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2008ஆம் ஆண்டு பெரு அரசு கெனேயை நாட்டின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அந்தக் கெனேயைக் கற்றுக்கொள்ளத்தான் வந்திருந்தேன். அந்த ஊரின் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, வருபவர்களை முறைவைத்துத் தங்கள் வீடுகளில் தங்கவைக்கிறார்கள். கூடவே இருந்து சமைக்கலாம், மீன் சுடலாம், துணி எழுதப் பழகலாம். சுவரில்லாத வீடு. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் பலகைத் தளம், மேலே ஓலை, இரவில் கொசுவலை. எனக்கு வாய்த்தது இந்தப் பாட்டியின் வீடு.

முதல் நாள் கோடு பக்கமே போகவில்லை. துணியைத் துவைத்தோம். டொக்குயோ என்று அங்கே சொல்லும் கெட்டிப் பருத்தித் துணி, நம் ஊர்க் காடாத் துணிதான். முன்பெல்லாம் ஷிபிபோப் பெண்கள் தாங்களே பருத்தி நூற்று, இடுப்புத் தறியில் நெய்தார்கள். ஆண்கள் அணியும் 'தாரி' என்ற நீண்ட அங்கியும் பெண்கள் இடுப்பில் சுற்றும் 'சித்தோன்தி'யும் அப்படி நெய்தவை. இப்போது பெரும்பாலான வீடுகளில் துணி கடையிலிருந்து வருகிறது. பாட்டியின் வீட்டு மூலையில் தறிக் கட்டைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அதைப் பற்றிக் கேட்டபோது, நெய்யத் தெரியும், இடுப்பு ஒத்துழைப்பதில்லை என்றார்.

துணியின் கஞ்சி போக வேண்டும். கஞ்சி இருந்தால் சாயம் மேலோடு நின்றுவிடும். ஏரித் தண்ணீரில் அலசி, பலகையில் அடித்து, மறுபடி அலசி, வெயிலில் போட்டோம். அதற்குள் அடுப்பில் பட்டை கொதித்துக்கொண்டிருந்தது.

மரப்பட்டைதான் இந்தக் கலையின் உயிர். செம்பழுப்பு வேண்டுமானால் மகாகனிப் பட்டை. அதன் சாற்றில் துணியை முக்கி எடுத்துக் காயவைத்து, திரும்ப முக்கிக் காயவைத்து, நிறம் ஏற ஏறப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கோடு எழுதும் சாறு வேறு. அதற்கு யாக்குஷபானா போன்ற மரங்களின் பட்டையைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். வீட்டுக்கு வீடு கூட்டும் பட்டைகள் மாறும். பாட்டி அடுப்பிலிருந்து ஒரு சொட்டை எடுத்து என் நாக்கில் வைத்தார். நாக்கு அப்படியே சுருண்டது. துவர்ப்பு! கடுக்காயைக் கடித்த அதே துவர்ப்பு.

பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. யாக்குஷபானாவைத் தாவரவியலார் 'டெர்மினாலியா' என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். நம் கடுக்காயும் தான்றியும் மருதும் அதே பேரினம். கடல்கள் தாண்டிய ஒரு பங்காளி மரத்தின் சாற்றைத்தான் நான் நக்கியிருக்கிறேன். மகாகனியும் நமக்கு முற்றிலும் அயல் இல்லை. அது வேம்பின் குடும்பம். இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ உழவர்கள் வரப்போரம் நட்டு வளர்க்கும் மகாகனிக்குச் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் இந்த வெப்பக் காடுகள்தான்.

இரண்டாம் நாள் காலை சேறு எடுக்கப் போனோம். எல்லாச் சேறும் ஆகாது. ஏரிக்கு வரும் ஓர் ஓடையின் ஓரத்தில், இலை மக்கிக் கிடக்கும் நிழலில், பேத்தி முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளினாள். மை போன்ற கறுப்பு, வெண்ணெய் போன்ற மென்மை, அழுகிய இலையின் புளித்த வாடை. விரலிடுக்கில் மணல் நெருடினால் அதைக் கீழே போட்டுவிட்டு வேறிடத்தில் துழாவினாள். வாளி நிறைய அரை நாள் ஆனது.

இப்போது செய்முறையைச் சொல்கிறேன். மரப்பட்டைச் சாற்றால் வெள்ளைத் துணியில் கோடு எழுதினால் அது வெளிறிய பழுப்பாகத்தான் தெரியும். தேநீர் சிந்திய கறை போல. காய்ந்ததும் துணி முழுவதும் அந்தச் சேற்றை அப்புகிறார்கள். எழுதிய கோடு, எழுதாத இடம் என்று ஒன்றும் தெரியாது. எல்லாம் ஒரே கறுப்புப் பூச்சு. கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஏரியில் கொண்டுபோய் அலசினால், சேறு கரைந்து போகப் போக, பட்டைச் சாறு பட்ட இடம் மட்டும் கருகருவென்று நிற்கிறது. மற்ற இடம் வெள்ளை. சேற்றிலுள்ள இரும்பு, பட்டையின் துவர்ப் பொருளோடு கூடி, நூலுக்குள்ளேயே கறுப்பாகிவிடுகிறது. துவைத்தாலும் எளிதில் போகாது. மகாகனிப் பட்டையில் பழுப்பேற்றிய துணியானால் துணி முழுக்கவே துவர் ஏறியிருக்கும். அங்கே சேறே மையாகி நேரடியாகக் கோடு எழுதுகிறது.

இந்த வேதியியல் நமக்கும் பழையது. கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி மை காய்ச்சிய நாடு நம்முடையது. அன்னபேதி இரும்பின் உப்பு. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதுபவர்கள், கடுக்காயில் நனைத்த துணியின் மேல் துருவும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு இழுப்பதை இந்தத் தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். இரண்டு மக்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருக்க வழியில்லை. துவர்க்கும் பட்டையும் இரும்புச் சேறும் எங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தனவோ, அங்கே யாரோ ஒரு பெண்ணின் பழைய துணி சேற்றில் விழுந்திருக்கும். எடுத்துப் பார்த்தவள் அதை மறக்காமல் வைத்திருப்பாள். இது என் ஊகம்தான். ஆனாலும் ஏரிக்கரையில் நின்று முதன்முதலாகக் கறுப்புக் கோடு தண்ணீரிலிருந்து எழுவதைப் பார்த்தபோது, அந்த முதல் பெண்ணைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அது பாட்டியின் துணி. என் துணி இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் சிம்பைப் பிடிக்கவிட்டார். அதற்கு முன் அவர் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் தடித்த கோடு. ஆற்றைப் போல வளைந்தும், சட்டென்று முழங்கை மடக்கித் திரும்பியும் அது துணியின் நடுவே போகிறது. அதற்கு இருபுறமும் ஒட்டி ஓடும் மெல்லிய கோடுகள் அடுத்து. மிச்சமிருக்கும் வெற்றிடங்களை நிரப்பும் நுண்ணிய கோடுகள் கடைசி. இடம் காலியாகக் கிடக்கக் கூடாது. எதுவும் எதையும் வெட்டிக் குழப்பவும் கூடாது. வளைவுகளால் ஆன கெனே உண்டு, நேர்க்கோடுகளால் ஆனது உண்டு, சிலுவை வடிவத்தைச் சுற்றிப் பின்னுவதும் உண்டு. அடிப்படை மட்டும் சமச்சீர். ஒரு பாதியை எழுதிவிட்டு, துணியைத் திருப்பி, மறுபாதியில் அதையே எதிரொலிக்க வேண்டும். முதல் பாதி முழுக்க நினைவில் இருந்தால்தான் இரண்டாம் பாதி வரும்.

சிக்குக் கோலம் போடும் அம்மாவின் மகளான எனக்கு இது எளிதாக வரும் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை இருந்தது. கோலத்தில் புள்ளி நம்மைக் காப்பாற்றுகிறது என்பது இங்கேதான் புரிந்தது. புள்ளி வைத்துவிட்டால் இழை அதைச் சுற்றிப் போய்த் திரும்பி வந்துவிடும். கெனேயில் சுற்றிப் போக ஒன்றுமில்லை. எழுதுபவளின் மனத்துக்குள் முழுக் கோலமும் முன்பே இருக்க வேண்டும். அதை 'ஷினான்' என்ற சொல்லால் சொல்கிறார்கள். எண்ணம், நினைவு, உள்ளத்தின் ஆற்றல் எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும். நல்ல கெனே எழுதுபவளுக்கு வலுவான ஷினான் இருக்கிறது என்பார்கள்.

அந்த எண்ணத்தைச் சிறு வயதிலேயே ஊட்டும் வழக்கமும் இருந்திருக்கிறது. பிரிபிரி என்று ஸ்பானிய மொழியிலும் 'வாஸ்தே' என்று ஷிபிபோ மொழியிலும் சொல்லப்படும் ஒரு செடி வீட்டுப் பின்புறம் நட்டிருந்தது. பார்த்ததும் தெரிந்தது, அது கோரை. பத்தமடைப் பாய்க்கு ஆகும் கோரையின் இனம். ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனிப் பிரிபிரி உண்டு. கெனேக்கு உரியதன் கிழங்கைப் பிழிந்து, சிறுமியின் கண்களில் சொட்டுவிட்டால் அவளுக்குக் கெனே தெரியத் தொடங்கும் என்பது நம்பிக்கை. தொப்புளிலும் இடுவதுண்டு. பெருவைச் சேர்ந்த மானுடவியலாளர் லூயிசா எல்விரா பெலாவுந்தே கெனேயைப் பற்றி 2009இல் வெளியிட்ட நூலில் இந்தச் செடிக்கும் பெண்களின் பார்வைக்கும் உள்ள உறவை விரிவாக எழுதியிருக்கிறார். "உங்களுக்கும் விட்டார்களா?" என்று பாட்டியிடம் கேட்டேன். அவருடைய பாட்டி விட்டாராம். எரிந்ததாம். அன்று இரவு கண்ணை மூடினால் கொசுவலை முழுக்கக் கோடுகள் ஓடினவாம். பேத்திக்கு விடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. பேத்தியும் அந்த இடத்தில் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு, அடுப்பில் வாழைக்காய் வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

கெனே எங்கிருந்து வந்தது என்றால் ரொனின் என்று பதில் வரும். ரொனின் என்பது நீரின் தலைவியான பெரும் அனகோண்டா. அதன் தோலில் எல்லாக் கோலங்களும் இருக்கின்றன. இந்த ஏரிகளில் வாழும் உண்மையான அனகோண்டாவின் தோலைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் கதையாகப் படாது.

இன்னொரு கதையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஷிபிபோப் பெண்கள் துணியின் கோட்டைத் தொட்டுக்கொண்டே பாட்டாகப் பாடுவார்கள், கோலம் என்பது இசைக்குறிப்பு, ஒருத்தி பாட மற்றவள் எழுதுவாள் என்று பயண நூல்களில் படித்திருப்பீர்கள். நானும் படித்துவிட்டுத்தான் போனேன். 1980களில் ஜெர்மன் ஆய்வாளர் ஆங்கெலிகா கெப்ஹார்ட்-சாயர், நோய் தீர்க்கும் மருத்துவர்களின் பாட்டுக்கும் கோலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதினார். அது கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ராகம் என்ற அளவுக்கு வளர்ந்தது. ஷிபிபோ இசையை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து ஆராய்ந்த பெர்ன்ட் பிரபெக் தெ மோரி, துணியைப் பார்த்து அப்படியே பாடுவது பழைய வழக்கம் என்பதை ஐயுறுகிறார். அது அண்மைக் காலத்தில், வெளியாரின் ஆவலுக்கு விடையாக உருவாகி வந்தது என்பது அவர் பார்வை.

நான் இரண்டாம் நாளே பாட்டியிடம் கேட்டுவிட்டேன். "இந்தக் கோட்டைப் பாடிக் காட்டுவீர்களா?" பாட்டி பாடினார். அழகான, மூக்கில் இழையும் குரல். முடித்ததும் பேத்தியிடம் என்ன பாட்டு என்று கேட்டேன். தொலைவிலிருந்து வந்திருக்கும் விருந்தாளிக்கு நல்ல கை வாய்க்கட்டும் என்ற பாட்டு. அப்போதே பாட்டி கட்டியது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. நான் படித்த புத்தகத்தை மெய்ப்பிக்கச் சொல்லி அவரைக் கேட்டிருக்கிறேன். அவரோ வீட்டுக்கு வந்தவளுக்குத் தர ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்ததைத் தந்திருக்கிறார்.

சமூகச் சுற்றுலாவின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு பாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வருபவர்கள் எதை எதிர்பார்க்கிறார்களோ அதைக் காட்டினால் பணம் வரும். காட்டக் காட்ட, காட்டுவதே தொழிலாகிவிடும். யரினாகோச்சாவைச் சுற்றி ஆயஹுவாஸ்கா என்ற மயக்கக் கஷாயத்தைக் குடிக்க வரும் வெளிநாட்டார் பல ஆண்டுகளாகப் பெருகி வருகிறார்கள். அவர்களுக்கான விடுதிகளில் பலவற்றை நடத்துபவர்கள் வெளியார். அங்கே கெனேத் துணி சுவரில் தொங்கும். அதை எழுதியவள் வாசலுக்கு வெளியே கடை விரித்து உட்கார்ந்திருப்பாள்.

நான் தங்கிய ஊரில் பெண்கள் இதை யோசித்திருந்தார்கள். ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு விருந்தினருக்கு மேல் இல்லை. கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு குழுவின் பொதுப் பைக்கு, மீதி அந்த வீட்டுக்கு. கற்றுக்கொடுப்பதற்குத் தனிக் கூலி உண்டு, அது விருந்தோம்பலுக்குள் கரைந்து போகக் கூடாது என்று குழுவில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விதி: நடனம் ஆடிக் காட்டுவது கிடையாது. திருவிழா வந்தால் ஆடுவார்கள். அன்று நாம் அங்கே இருந்தால் பார்க்கலாம். துணி அப்படியில்லை. அதை அவர்கள் எப்படியும் எழுதிக்கொண்டிருப்பார்கள், நாம் போனாலும் போகாவிட்டாலும். ஓர் ஊர் எப்படியும் செய்துகொண்டிருக்கும் வேலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்வதுதான் சுற்றுலா என்றால், அதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

புக்கல்பா நகரச் சதுக்கத்தில், தோளிலும் கையிலும் துணிகளைச் சுமந்துகொண்டு ஷிபிபோப் பெண்கள் விற்றுவருவதை வந்த அன்றே பார்த்திருந்தேன். கறுப்புத் துணியில் பளிச்சென்ற நூல்களால் தைத்த சித்தோன்திகள். எழுதிய கோட்டின் மேல் இழை இழையாகத் தைப்பதைக் 'கெவே' என்கிறார்கள். ஒரு பெண்ணிடம் விலை கேட்டு, பழக்கதோஷத்தில் பாதிக்குக் கேட்டேன். அவள் மறுக்கவில்லை, கொஞ்சம் குறைத்துத் தந்தாள். அந்தத் துணியை நான்காம் நாள் பாட்டியிடம் எடுத்துக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்து, பின்பக்கம் திருப்பி, முடிச்சுகளை எண்ணுவது போல் பார்த்தார். "இரண்டு மாதம் உட்கார்ந்திருக்கிறாள்" என்றார். எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

பக்கத்துக் கடைகளிலேயே கெனேயை எந்திரத்தில் அச்சடித்த துணியும் கிடைக்கிறது. முதலில் பார்த்தபோது எனக்கு வேறுபாடு தெரியவில்லை. மூன்று நாள் சேற்றில் கைவைத்த பிறகு தூரத்திலிருந்தே தெரிந்தது. அச்சில் கோடு எல்லா இடத்திலும் ஒரே கனம். கையில் எழுதியதில் சிம்பு சாற்றைத் தொட்டுவந்த இடம் தடித்தும், சாறு தீரும் இடம் மெலிந்தும் இருக்கும். எழுதியவள் எங்கே மூச்சு விட்டாள் என்று அதில் பார்த்துவிடலாம். ஐந்து நாளில் நான் கெனே கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். ஒரு கெனேயைப் பார்த்து, இதற்குள் எத்தனை பட்டை, எத்தனை வெயில், எத்தனை நாள் இருக்கின்றன என்று கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். பயணி கற்றுக்கொள்ளக் கூடியது அதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கு தெரிந்தவள் பாதி விலைக்குக் கேட்க மாட்டாள்.

பட்டையே இப்போது எளிதில் கிடைப்பதில்லை. உக்கயாலிக் காடுகளில் வெட்டி வெட்டி மகாகனி அருகிவிட்டது. 2002இல் பன்னாட்டு வனவுயிர் வணிக உடன்படிக்கை அந்த மரத்தைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பாட்டியின் தாய், தன் வீட்டுக்குப் பின்னால் நடந்துபோய்ப் பட்டை உரித்து வந்தார். பாட்டிக்கு ஆற்றின் மேல்பக்கமிருந்து உறவினர் யாராவது படகில் கொண்டுவந்தால் உண்டு. சாந்தா கிளாரா தெ உச்சுன்யா என்ற ஷிபிபோ ஊர், தங்கள் காட்டை அழித்து வைத்த எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் வழக்காடி வருகிறது. காடு போனால் கோட்டுக்குக் கறுப்பு இல்லை. துணி எழுதும் பெண்களில் பலர் மண்ணுக்கான கூட்டங்களிலும் முன்வரிசையில் இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பிழைப்புத் தேடி லிமாவுக்குப் போனவர்களும் கெனேயைக் கொண்டே போனார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரீமாக் ஆற்றங்கரையில் காந்தாகாயோ என்ற இடத்தில் ஒரு ஷிபிபோக் குடியிருப்பு உருவானது. 2016 நவம்பரில் அங்கே பற்றிய தீயில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. நான்கு ஆண்டுகளில் கொரோனா வந்தது. குடியிருப்பைச் சுற்றி வேலி விழுந்தது. அதே காந்தாகாயோவிலிருந்து எழுந்த ஒலிந்தா சில்வானோ இன்று லிமாவின் பெரிய சுவர்களில் கெனே எழுதுகிறார். 1950இல் பிறந்த சாரா ஃபுளோரெஸ், பட்டைச் சாற்றால் எழுதிய பெருந்துணிகளை ஐரோப்பியக் காட்சிக்கூடங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பாட்டிக்கு இருவரையும் கேள்வியால் தெரியும். "அவள் கோடு நன்றாக நடக்கும்" என்றார், சாரா ஃபுளோரெஸைப் பற்றி. கோடு நடக்கும் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் விடவே இல்லை.

என் கோடு நடக்கவில்லை. தவழ்ந்தது. கைக்குட்டை அளவுத் துணியில், நடுவிலிருந்து மேலே ஏறி வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், சாறு ஒரு சொட்டு கூடுதலாக விழ, பதறிப்போய்க் கையை இழுத்தேன். கோடு போகக் கூடாத பக்கம் ஒரு கொக்கி போட்டு நின்றது. சாறு பட்டுவிட்டால் பட்டதுதான். துடைத்தாலும் துவர் உள்ளே போய்விடும், சேறு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் புதுத் துணி கேட்டேன். பாட்டி தலையசைத்து மறுத்தார். மீதி இடங்களை மெல்லிய கோடுகளால் நிரப்பச் சொல்லி, அந்தப் பாதியை முடிக்கவைத்தார். மாலையாகிவிட்டது. கழுத்து வலித்தது. நகக்கண்களில் பழுப்பு ஏறியிருந்தது.

ஐந்தாம் நாள் காலை நான் கண்விழித்தபோது பாட்டி என் துணியைத் தன் மடியில் வைத்திருந்தார். மறுபாதி முக்கால்வாசி முடிந்திருந்தது. என் நடுங்கிய வளைவுகள் அந்தப் பக்கம் நிதானமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. கொக்கி விழுந்த இடத்துக்கு நேர் எதிரே சிம்பு வந்து நின்றது. பாட்டி துணியைக் கொஞ்சம் தூக்கி, என் பக்கத்தைப் பார்த்தார். அதே இடத்தில், அதே அளவில், அதே கோணத்தில் ஒரு கொக்கியை எழுதினார். பிறகு பேசாமல் அடுத்த கோட்டுக்குப் போய்விட்டார்.

மதியத்துக்குள் காய்ந்தது. சேறு அப்பி, நிழலில் வைத்து, மூவரும் ஏரிக்குப் போனோம். நான்தான் அலச வேண்டும் என்றார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. சேறு புகை போலப் பிரிந்து போக, கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு கொக்கிகளும் எதிரெதிரே நின்றன, பறவையின் இரண்டு அலகுகள் போல. பேத்தி எட்டிப் பார்த்து, இந்தக் கோலம் நம் வீட்டில் இல்லையே என்றாள். பாட்டி அதை வாங்கி, இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்கு நேரே பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இராக்கே" என்றேன். நன்றி என்று பொருள். நான் அங்கே தப்பில்லாமல் சொன்ன ஒரே ஷிபிபோச் சொல் அது.

படகு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பாட்டி தன் துணியை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். சிரட்டையில் சாறு தீர்ந்திருந்தது. நான் எழுந்து போய் அடுப்பிலிருந்து ஊற்றி வந்து வைத்தேன்.

(தொடரும்)